கீழ்ப்பிடி

அன்றைக்குக் காலையில் என் வீட்டுக்காரர் முகத்தை மழுமழுவென்று வழித்துக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தார். எனக்கு வந்ததே கோபம்.

"என்னங்க இது? பொண்ணு பாக்கவா போறோம்?"

"ஆபீஸுக்குப் போறோம்ல. பிச்சைக்காரனாட்டம் வரச் சொல்றியா?"

ஆமாம், அப்படித்தான் வரச் சொல்லியிருந்தேன். அது என் யோசனைகூட இல்லை. என் நாத்தனார் சொல்லிக் கொடுத்த பாடம். அவள் புருஷனுக்குப் பார்வை போனபோது அரசாங்க உதவித்தொகைக்கு நடையாய் நடந்து வாங்கியவள் அவள். "அண்ணி, அண்ணனைத் தாடியோட கூட்டிட்டுப் போங்க. உக்காரும்போது ஒரு தடவை முனகணும், எந்திரிக்கும்போது ஒரு தடவை முனகணும். டாக்டர் எது கேட்டாலும் 'முடியல'ன்னு சொல்லணும். நாலே எழுத்து. அதை மட்டும் அவர் வாயில இருந்து வரவெச்சிடுங்க, மத்ததை அவங்க பாத்துப்பாங்க" என்றாள்.

அந்த நாலு எழுத்துதான் இந்த மனுஷன் வாயில் வராது. ராத்திரியெல்லாம் எனக்கு அதே கவலை.

அவருக்கு வேலை, வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது. பீரோ, கட்டில், ஃப்ரிட்ஜ், எல்லாம். மாடிப்படியில் கனமான சாமானை இறக்கும்போது மேலே பிடிக்கிறவருக்குப் பாதிக் கனம்கூட வராது. எல்லாம் கீழே பிடிக்கிறவர் மேல்தான் வந்து உட்காரும். போதாததற்கு அவர் பின்பக்கமாகப் படியைக் காலால் தேடித் தேடி இறங்க வேண்டும். அந்த இடத்தை யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள். இவர் கேட்டு வாங்குவார். அதனால் கூட்டத்தில் இவருக்குப் பெயரே 'கீழ்ப்பிடி' என்று ஆகிவிட்டது. மேஸ்திரி வீட்டுக்குப் போன் பண்ணினால், "கீழ்ப்பிடி இருக்காராம்மா?" என்றுதான் கேட்பார். ஏதோ பாத்திரத்தைக் கேட்பது போல இருக்கும் எனக்கு.

அவர்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. படியில் பாரம் கையில் இருக்கும்போது எவரும் 'முடியல' என்று சொல்லக் கூடாது. ஒருவர் அப்படிச் சொன்னால் மற்றவர்களுக்கும் பயம் பிடித்து, கை தளர்ந்து, சாமானோடு எல்லோரும் உருள வேண்டியதுதான். அதற்குப் பதில் 'இருக்கட்டும்' என்பார்கள். இந்த இடத்திலேயே இருக்கட்டும், வைத்துவிடலாம் என்று அர்த்தம். யார் சொன்னாலும், எந்தப் படியில் சொன்னாலும், ஏன் எதற்கு என்று கேட்காமல் அப்போதே வைத்துவிட வேண்டும். வைக்க வசதி இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவர் ஓடி வந்து கை கொடுக்க வேண்டும்.

கல்யாணமான புதிதில் இது எனக்குத் தெரியாது. நான் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவேன். "குடு, நான் கொண்டு வரேன்" என்பார். "இருக்கட்டும்" என்பேன், எல்லாரும் சொல்கிற மாதிரி, பரவாயில்லை என்ற அர்த்தத்தில். வெடுக்கென்று கேனைப் பிடுங்கிப் படியிலேயே வைத்துவிடுவார். இந்த ஆளுக்கு இவ்வளவு முன்கோபமா என்று நான் பயந்தே போனேன். பிறகு விஷயம் தெரிந்து ரொம்ப நாள் சிரித்தோம்.

போன மழைக்காலத்தில் ஒரு நகைக்கடையின் இரும்புப் பெட்டியை இறக்கினார்கள். ஈரப் படியில் மேலே பிடித்தவருக்குக் கால் வழுக்கி, கை விட்டுப் போயிற்று. ஆட்கள் ஓடி வரும்வரை இவர் தனியாகத் தாங்கி நின்றிருக்கிறார். விட்டுவிட்டு ஒதுங்கியிருந்தால் பெட்டி போயிருக்கும், முதுகு தப்பியிருக்கும். விடவில்லை. பெட்டி தப்பியது.

முதுகெலும்புக்கு நடுவில் இருக்கும் சவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். இனிமேல் பாரம் தூக்கவே கூடாது, மீறினால் இரண்டு காலும் விழுந்துவிடும், அப்புறம் எழுந்திருக்கவே மாட்டார் என்று கையெழுத்துப் போட்டே கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் ஒருத்தி சம்பாத்தியம். ஹோட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் இடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறேன். அதை வைத்து ஓட்ட முடியாது என்பது இவருக்கும் தெரியும். அதனால், ஒரு பெரிய ஆபீஸைக் காலி பண்ண ஆள் வேண்டும் என்று மேஸ்திரி கூப்பிட்டபோது, "திங்கட்கிழமை வந்துடறேன்" என்று என்னைக் கேட்காமல் வாக்குக் கொடுத்துவிட்டார்.

அழுதேன், கத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு வார்த்தை வாங்கினேன். "உதவித்தொகைக்கு ஆர்டர் கையில வந்துட்டா நான் போகல. வரலன்னா போவேன். அவ்ளோதான்."

சாதாரண வரிசையில் விண்ணப்பம் போட்டால் அடுத்த மழைக்காலமும் வந்து போய்விடும். ஆனால் எந்த வேலையும் செய்ய முடியாதவர்களுக்கு அவசரப் பிரிவு என்று ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் ஒரு டாக்டர் வந்து பரிசோதிப்பார். அவர் ஒப்புக்கொண்டால் அன்றைக்கே ஆர்டர். அதையும் நாத்தனார்தான் சொன்னாள். மேஸ்திரியிடம் இவர் சொன்ன திங்கட்கிழமைக்கு முன்னால் எனக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு வெள்ளிக்கிழமைதான்.

உதவித்தொகை ஆபீஸ் இரண்டாவது மாடியில். காலையில் லிஃப்ட் ஓடியது, அந்த மட்டும் புண்ணியம். ஜன்னலுக்கு உள்ளே இருந்த அம்மா எங்கள் காகிதங்களைப் புரட்டிவிட்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"கூட ஒருத்தர் உள்ள போகலாம். ஆனா வாயைத் தொறக்கக் கூடாது. கை குடுத்து உதவி பண்ணக் கூடாது. அப்படிப் பண்ணினா பரிசோதனை செல்லாது. திரும்ப சாதாரண வரிசைதான்."

"தும்மலாங்களா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஏம்மா, நான் வேணும்னா சொல்றேன்? சொல்லிக் குடுத்துச் சொல்லிக் குடுத்துப் பேச வைக்கிறாங்க. அதுக்குத்தான் இந்தச் சட்டம்" என்று டோக்கனைத் தள்ளினார்.

பெஞ்சில் உட்கார்ந்தோம். சற்று நேரத்தில் ஒருவருடைய சக்கர நாற்காலி வாசல் நிலையில் மாட்டிக்கொண்டது. பக்கத்தில் அசைவு தெரிந்து திரும்பினால், இவர் பாதி எழுந்துவிட்டார். கண் ஏற்கெனவே நாற்காலியின் அடியில், எங்கே பிடிக்கலாம் என்று. சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். இஸ்திரி கசங்கியது. நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

"முடியல. சொல்லுங்க பாப்போம்" என்றேன் காதோரமாக.

"என்னை என்ன எல்.கே.ஜி. பிள்ளைன்னு நினைச்சியா?"

"அந்தப் பிள்ளை சொல்லிடும். நீங்கதான் சொல்ல மாட்டேங்கறீங்க."

டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் நடுவயது மனிதர். முகத்தில் தூக்கக் கலக்கம் இருந்தாலும் குரலில் மரியாதை இருந்தது. இவரை எதிரே உட்காரச் சொன்னார். எனக்குச் சுவரோரமாக ஒரு ஸ்டூல். ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் படித்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்.

"நடக்க முடியுதா?"

"நடக்கிறேன்."

"படி ஏறுவீங்களா?"

"மெதுவா ஏறிடுவேன்."

"உக்காந்து எந்திரிக்கிறது?"

"எந்திரிச்சிடுவேன்."

நாத்தனார் மட்டும் இதைக் கேட்டிருந்தால் அண்ணன் என்றும் பார்க்காமல் மண்டையில் ஒன்று வைத்திருப்பாள்.

"ராத்திரி தூக்கம் எப்படி?"

"படுப்பேன்."

படுப்பேன் என்றாரே தவிர, தூங்குவேன் என்று சொல்லவில்லை. புரண்டு படுக்க வேண்டுமென்றால் என்னை எழுப்பித்தான் புரள்கிறார் என்பது அந்த டாக்டருக்கு எப்படித் தெரியும்? நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் எழுந்து, சுவரோரம் இருந்த ஒரு பெட்டியைக் காலால் நகர்த்தி நடுவில் விட்டார். பக்கத்துக்கு ஒரு பிடி வைத்த பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே மணல் பைகள்.

"கனம் ரொம்ப இல்ல. எவ்வளவு முடியுதுன்னு பாக்கணும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில எழுதினதைப் பாத்தேன். அதனால கட்டாயம் இல்ல. வலிச்சாலோ, முடியலன்னு தோணினாலோ உடனே சொல்லிடுங்க, அங்கேயே நிறுத்திடலாம். தொட வேணாம்னாலும் சொல்லுங்க."

இதைவிட ஒரு மனிதன் எப்படி எடுத்துக் கொடுப்பான்? தொட வேண்டாம் என்று சொன்னால் முடிந்தது கதை. சொல்லுங்க, சொல்லுங்க என்று நான் மனசுக்குள் கத்தினேன்.

இவர் பெட்டியைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஒரு சாமானைக் கண்டால் கனம் எந்தப் பக்கம், பிடி எந்தப் பக்கம் என்று கண்ணாலேயே தடவுவார். அதற்கப்புறம் யார் தடுத்தாலும் நிற்காது. காலை அகட்டினார், முழங்காலை மடக்கினார், முதுகை நேராக வைத்துக்கொண்டார், மூச்சை உள்ளே இழுத்துத் தூக்கிவிட்டார். பாவி மனுஷன், அழகாகத் தூக்கினார்.

"அடடே, நல்லாவே தூக்குறீங்களே" என்றார் டாக்டர். "வலிக்குதா?"

"இருக்கட்டும்."

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே மேஜைக்குப் போனார். அவர் காதில் விழுந்தது என்ன என்று எனக்குப் புரிந்தது. வலி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், பெரிதில்லை என்று இவர் சொன்னதாக எடுத்துக்கொண்டார். உலகத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

"சரி, போதும். வெச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் இரண்டு விரலால் தட்டத் தொடங்கினார்.

இவர் வைக்கவில்லை. வயிற்றோடு பெட்டியை அணைத்தபடி அப்படியே நின்றார். குனியப் பார்த்தார், முதுகு வழிவிடவில்லை. முழங்காலை மடக்கப் பார்த்தார், வலது கால் நடுங்கியது. தூக்கத்தான் முடிந்திருக்கிறது, இறக்க முடியவில்லை. கையை விட்டால் பெட்டி கீழே விழுந்துவிடும், வேலை முடிந்துவிடும். ஆனால் அவர் விடுகிற ஆளா? இரும்புப் பெட்டியையே விடாதவர்.

என்னைப் பார்த்தார்.

"இருக்கட்டும்" என்றார்.

இந்தத் தடவை அது டாக்டருக்குச் சொன்னதில்லை. எனக்குச் சொன்னது. அந்த அறையில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் நான்தான். நான் எழுந்து ஓடியிருக்க வேண்டும். பாதி எழுந்தும்விட்டேன். அப்போது ஜன்னல் அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. நான் வாய் திறந்தாலும், கை கொடுத்தாலும் பரிசோதனை செல்லாது. ஆர்டர் வராது. திங்கட்கிழமை இதைவிடப் பத்து மடங்கு கனத்தைத் தூக்கிக்கொண்டு படியில் நிற்பார். கை கொடுக்காவிட்டாலோ, கால் இப்போதே இந்த அறையிலேயே போய்விடலாம்.

உட்கார்ந்தேன்.

ஸ்டூலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். டாக்டர் தட்டிக்கொண்டே இருந்தார். அந்தத் தட்டலில் என்ன எழுதுகிறார் என்பது எனக்குத் தெரியும்: தூக்குகிறார், வலி பெரிதில்லை, வேலை செய்யலாம். திரும்புங்க டாக்டர், ஒரே ஒரு தடவை திரும்பிப் பாருங்க. இவருடைய இஸ்திரிச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டுவிட்டது. மோவாயிலிருந்து வியர்வை சொட்டி பெட்டி மூடியில் விழுந்தது. கண்ணை என்மேலிருந்து எடுக்கவே இல்லை. அந்தக் கண்ணில் கோபம் இல்லை. இவள் ஏன் இன்னும் வரவில்லை என்ற ஆச்சரியம்தான் இருந்தது. அதை என்னால் தாங்க முடியவில்லை. ஆனாலும் தாங்கினேன்.

"இருக்கட்டும்" என்றார் மூன்றாவது தடவையாக. குரலே இல்லை, காற்றுதான் வந்தது.

தட்டல் நின்றது. டாக்டர் திரும்பினார்.

"என்னங்க, இன்னும் பிடிச்சிட்டா நிக்கறீங்க? வெச்சிடுங்கன்னு..." என்றவர் இவர் முகத்தைப் பார்த்துவிட்டார். நாற்காலி பின்னால் சாயப் பாய்ந்து வந்து, பெட்டியை அவரே வாங்கினார். பெட்டி போன பிறகும் இவருடைய கைகள் அதே இடத்தில், அதே வளைவில் நின்றன.

"வாங்கம்மா, பிடிங்க, பிடிங்க!"

இதற்கு மட்டும் அனுமதி கிடைத்துவிட்டது. இரண்டு பேருமாகத் தாங்கிக் கட்டிலில் படுக்க வைத்தோம். டாக்டர் இவருடைய செருப்பைக் கழற்றி, சாவியால் உள்ளங்காலைக் கீறினார். "தெரியுதா?" இடது கால் விரல் மடங்கியது. வலது காலில் கீறினார். அசைவே இல்லை. மறுபடி அழுத்திக் கீறினார். நான் இவர் காலைத் தின்றுவிட்டேன் என்றே நினைத்தேன். மூன்றாவது கீறலுக்குக் கட்டைவிரல் சோம்பல் முறிப்பது போல மெல்ல மடங்கியது.

"ம், தெரியுது" என்றார் இவர்.

டாக்டர் மூச்சு விட்டார். ஊசி போட்டார். அப்புறம்தான் அவருக்குக் கோபம் வந்தது. "ஏங்க, நான் எத்தனை தடவை சொன்னேன், முடியலன்னா சொல்லுங்கன்னு? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே."

"எப்போ சொன்னீங்க?"

"மூணு தடவை சொன்னேன்."

டாக்டர் ஒன்றும் புரியாமல் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. இப்பப் பேசலாம்."

சொன்னேன். படி, பாரம், அந்தச் சொல், எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் கேட்டுக்கொண்டே வந்தவர், கடைசியில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார்.

"அப்ப உங்களுக்குத் தெரியும்" என்றார்.

"தெரியும்."

அவர் மேஜைக்குப் போய், தட்டியதையெல்லாம் அழித்துவிட்டு, முதலிலிருந்து தட்டினார். இவர் கட்டிலில் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

ஆர்டர் அன்றைக்கே வந்தது. ஜன்னல் அம்மா முத்திரை குத்தி, "நல்லபடியா முடிஞ்சுதா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். 'எந்த வேலையும் செய்ய இயலாதவர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இவர் வாங்கி ஒரு தடவை படித்துவிட்டு, மடித்து என்னிடம் கொடுத்துவிட்டார். நான் அங்கிருந்தபடியே மேஸ்திரிக்குப் போன் போட்டேன்.

"அவர் வர மாட்டாருங்க. திங்கட்கிழமை மட்டுமில்ல, இனிமேலே வர மாட்டாரு."

"அய்யய்யோ, கீழ்ப்பிடி இல்லாம எப்படிம்மா?"

"வேற ஆளைப் பாருங்க" என்று வைத்துவிட்டேன். ஜெயித்துவிட்டேன். ஆனால் சந்தோஷம் வரவில்லை.

வெளியே வந்தால் லிஃப்ட் நின்றுவிட்டது. நடக்க முடியாதவர்களுக்கென்றே ஆபீஸ் கட்டி, அதற்கு ஒரு லிஃப்ட் வைத்து, அதையும் ஓடாமல் வைத்திருக்கிற புத்திசாலிகளை என்ன சொல்ல? இரண்டு ஆளை வைத்து நாற்காலியோடு தூக்கி இறக்கச் சொல்கிறேன் என்றார் ஜன்னல் அம்மா. இவர் மறுத்துவிட்டார். "வேணாங்க. அவங்களுக்குப் பிடிக்கத் தெரியாது."

நான் ஒரு படி முன்னால், அவர் பக்கமாகத் திரும்பி, பின்பக்கமாக இறங்கினேன். அவர் இரண்டு கையையும் என் தோளில் வைத்துக்கொண்டார். காலால் படியைத் தேடித் தேடி இறங்கும்போதுதான் தெரிந்தது, நான் நிற்பது அவருடைய இடம். முழுக் கனமும் என் மேல் வந்து உட்கார்ந்தது. அறையை விட்டு வந்ததிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. படி திரும்புகிற இடத்தில் என் கால் ஒரு கணம் தடுமாறியது.

"கனக்குதா?" என்றார். அதுதான் முதல் பேச்சு.

பேசிவிட்டாரே என்ற சந்தோஷத்தில், யோசிக்காமல், வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"இருக்கட்டும்."

சட்டென்று தோளில் இருந்த கனம் போய்விட்டது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த வலியோடு, அந்த முதுகோடு, அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, என்னங்க! நான் பரவாயில்லைன்னுதான் சொன்னேன். அந்த அர்த்தத்துல சொல்லலங்க!"

"நீ எந்த அர்த்தத்துல வேணா சொல்லு" என்றார் மூச்சு வாங்க. "சொன்னா நான் வெச்சிடுவேன்."

அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்து அழுதேன். மேலேயிருந்து வந்தவர்கள் எங்களுக்காக ஒதுங்கி, சுவரோரமாக இறங்கிப் போனார்கள்.